சிறையிலிருந்து வரும் சகோதரிக்கு யார் துணை?



நம் ஊர்களில் ஒரு பெண் சில மாதங்களாகக் கண்ணில் படவில்லை என்றால், "மகள் எங்கே?" என்று அடுத்த வீட்டார் கேட்பார்கள். "சவூதிக்குப் போயிருக்கா" என்று பதில் வரும். "குவைத்தில நிக்கிறா" என்றும் வரும். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் சில வீடுகளில் அந்தப் பதில் பொய். மகள் கடல் கடந்து போகவில்லை. விளக்கமறியலில் இருக்கிறாள், அல்லது தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கிறாள்.

மகன் சிறைக்குப் போனால் யாரும் இவ்வளவு பாடுபட்டு மறைப்பதில்லை. "கூட்டாளிமார் கெடுத்துப் போட்டாங்க" என்று ஊரே சமாதானம் சொல்லும். திரும்பி வரும் நாளில் உம்மா கோழி அறுத்துச் சமைப்பாள். கணவன் உள்ளே இருக்கும் காலத்தில் சோற்றுப் பார்சலுடன் சிறை வாசலில் வரிசையில் நிற்பவர்கள் யார்? மனைவிமாரும் தாய்மாரும்தான். அதே மனைவி உள்ளே போனால் அவளுக்குப் பார்சல் கொண்டுபோக யார் இருக்கிறார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

பலாபத்வலயிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இந்த மாதம் முழுவதும் எம் மனதில் கிடக்கிறது. பெயரும் விலாசமும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கேட்காவிட்டாலும் போட்டிருக்க மாட்டோம். அவருடைய தங்கச்சியின் கணவன் வீட்டுக்குள் 'ஐஸ்' கொண்டுவந்தவன். முதலில் அவன் மட்டும். பிறகு, "தூக்கமே வராது, வேலையெல்லாம் ஓடும்" என்று மனைவிக்கும் பழக்கிவிட்டான். அது கிடைக்காத நாட்களில் தூள். கடைசியில் பொலிஸ் வந்தபோது அவன் வீட்டில் இல்லை, அவள் இருந்தாள். ஊருக்குச் 'சவூதி' என்று சொல்லியாயிற்று. 7 வயது மகனிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்போது அவள் விடுதலையாகி வரப் போகிறாள். நேரே கொழும்பில் மாமி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா, பிள்ளைக்கு என்ன சொல்வது என்று கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "நான் அவளுக்குத் தாத்தா. ஆனா அவளோட என்னத்தப் பேசுற என்டே எனக்கு வெளங்குதில்ல."

இந்தக் கடைசி வரிதான் கடிதத்தின் உயிர். அன்புள்ள சகோதரியே, உங்களுக்கு விளங்காததில் குறை ஒன்றுமில்லை. நீங்கள் அந்தப் பாதையில் நடந்தவர் அல்லர். உங்கள் தங்கச்சிக்கு உங்கள் அன்பும் வேண்டும், உங்கள் வீட்டு முற்றமும் வேண்டும். அவற்றோடு, அதே பாதையில் விழுந்து எழுந்து வந்த இன்னொரு பெண்ணும் வேண்டும். அவளிடம்தான் உங்கள் தங்கச்சி வாய் திறப்பாள்.

அதைப் பற்றி விரிவாகச் சொல்லுமுன், அவசரமான ஒரு விஷயம். "உள்ளே இருந்த மாதங்களில் எல்லாம் விட்டுப் போயிருக்கும், இனிப் பயமில்லை" என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. விஷயம் நேர் எதிரானது. தூள் கிடைக்காத மாதங்களில் உடல் அதன் பழக்கத்தை இழந்துவிடும். முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. மனமோ பழைய அளவை மறப்பதில்லை. வெளியே வந்த மனக்குழப்பத்தில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. விடுதலையான முதல் 2 வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் அந்த மாநிலத்து மற்ற மக்களுடையதைவிட ஏறத்தாழ 13 மடங்கு. போதைப்பொருளின் அளவு மிஞ்சி இறக்கும் அபாயம் மட்டும் 129 மடங்கு! ஆகவே முதல் 2 வாரங்கள் அவளைத் தனியே விடாதீர்கள். இரவில் அவளுடைய அறையில் யாராவது ஒரு பெண் படுத்துக்கொள்ளட்டும். காவலுக்கு என்று சொல்ல வேண்டாம், துணைக்கு என்று சொல்லுங்கள்.

ஐஸின் குணம் வேறு. அது உள்ளே இருக்கும்போது நாட்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, எவரைக் கண்டாலும் சந்தேகம். விட்ட பிறகு ஓயாத தூக்கமும், எதிலும் சந்தோஷம் காணாத வெறுமையும், சிலருக்குச் சாக வேண்டும் என்ற எண்ணமும் வரும். "சோம்பேறி, தொழவும் எழும்புறாளில்ல" என்று வீட்டில் ஏச்சு விழுவது இந்தக் கட்டத்தில்தான். அது சோம்பலல்ல, சுகவீனம். ஐஸை விடவைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. பேச்சும், துணையும், நேரத்துக்கு உணவும் உறக்கமும் உள்ள அன்றாடமும்தான் அந்த வைத்தியத்தின் பெரும்பகுதி. மாத்தளை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அவளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். அரசாங்க வைத்தியம், காசு கொடுக்க வேண்டியதில்லை.

இனி, துணையின் கதை. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் குடியால் வாழ்க்கை கெட்டுப்போன இரண்டு ஆண்கள் சந்தித்தார்கள். ஒருவர் பங்குச் சந்தைக்காரர் பில் வில்சன், மற்றவர் வைத்தியர் பாப் ஸ்மித். வைத்தியருக்குக் குடியின் தீமையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் திருந்தியது, எதிரே இருந்தவர் புத்தி சொல்லாமல் தன் கதையைச் சொன்னதால். சொன்னவரும் அதனால்தான் குடிக்காமல் இருந்தார்! அடுத்தவரைத் தாங்குகிறவர் தானும் தாங்கப்படுகிறார் என்ற இந்த ஓர் அனுபவத்திலிருந்துதான் 'ஏ.ஏ.' என்ற இயக்கம் உலகெங்கும் பரவியது. தூள் போன்றவற்றுக்கு அதே வழியில் 1953இல் 'என்.ஏ.' தொடங்கியது. இலங்கையிலும் இக்கூட்டங்கள் நடக்கின்றன. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து முஸ்லிம்கள் சிலர் 1989இல் இதே வழிமுறையை இஸ்லாமிய அடிப்படையில் அமைத்து 'மில்லத்தி இஸ்லாமி' என்று பெயரிட்டார்கள்.

தமிழ் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. சென்னையில் டி.டி.கே. குடும்பத்தின் மருமகள் சாந்தி ரங்கநாதன் 1979இல் குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தார். பெரிய வீட்டுப் பெண், மறைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். 1980இல், கணவரின் பெயரிலேயே போதை நோயாளிகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாரையும் உட்கார வைத்து அவர்களுக்கும் தனியாக வழிகாட்டுவது அங்கே வழக்கம். 1992இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

ஆனால் நம் கடிதத்துக்கு மிக நெருங்கிய கதை சூசன் பர்ட்டன் என்ற கறுப்பினப் பெண்ணுடையது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1980களின் தொடக்கத்தில் அவருடைய 5 வயது மகன் தெருவைக் கடக்கையில் பொலிஸ்காரர் ஒருவர் ஓட்டிவந்த வாகனம் மோதி இறந்துபோனான். அந்தத் துக்கத்தை மறக்கக் குடி, பிறகு கொக்கெய்ன். பிறகு சிறை. வெளியே வருவார், மறுபடியும் சிறை. இப்படியே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஏன் திரும்பத் திரும்ப? விடுதலையாகும் கைதியின் கையில் 200 டொலரைக் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்புவார்கள். நகரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் இவர்களுக்காகவே காத்திருப்பவர்கள் யார் தெரியுமா? போதை விற்பவர்களும் பெண்களை வைத்துச் சம்பாதிப்பவர்களும். வீடில்லை, வேலையில்லை, சான்றுப் பத்திரங்கள் இல்லை. இரவாவதற்குள் ஏதோ ஒரு கை பிடித்துக்கொள்ளும்.

1997இல் அவருக்கு வசதியான பகுதியொன்றில் நல்ல சிகிச்சை நிலையத்தில் இடம் கிடைத்தது. அங்கே ஓர் உண்மையைக் கண்டு திகைத்தார். தன் பகுதியில் எந்தக் குற்றத்துக்குச் சிறை கிடைத்ததோ, இந்தப் பகுதியில் அதே குற்றத்துக்குச் சிகிச்சை கிடைத்தது! குணமாகி, வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை செய்து காசு சேர்த்து, 1998இல் ஒரு சிறிய வீட்டை வாங்கினார். பிறகு அவர் செய்ததுதான் விசேஷம். பஸ் நிற்கும் அதே இடத்துக்குத் தானே போய் நின்றார். இறங்கிவரும் பெண்களில் தான் அறிந்தவர்களை, "வா, என் வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது" என்று அழைத்துவந்தார். ஒரு வீடு பல வீடுகளாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அந்த வீடுகளில் தங்கி எழுந்திருக்கிறார்கள். பிள்ளைகளை நீதிமன்றத்தின் மூலம் திரும்பப் பெறவும் அங்கே உதவி உண்டு. அந்த வீடுகளில் வைத்தியரைவிட, நேற்று வந்தவளுக்கு முந்தாநாள் வந்தவள் சொல்லும் வார்த்தைக்குத்தான் மதிப்பு அதிகம் என்றால் ஆச்சரியமில்லை.

நம் மார்க்கத்துக்கு இது புதிதா? மது அருந்தியதற்காகத் திரும்பத் திரும்பத் தண்டனை பெற்ற ஒருவரை, "எத்தனை தடவைதான் கொண்டுவரப்படுகிறான்!" என்று ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. தண்டனை ஒருபுறம் நடந்தது. சபையிலிருந்து அவர் வெளியேற்றப்படவில்லை. தொண்ணூற்றொன்பது கொலை செய்தவனின் கதை உங்களில் எல்லோருக்கும் தெரியும். தௌபாவுக்கு வழியுண்டா என்று கேட்ட அவனுக்கு அந்த அறிஞர் "உண்டு" என்றதோடு நிறுத்தவில்லை. நல்லோர் வாழும் இன்ன ஊருக்குப் போ, உன் ஊருக்குத் திரும்பாதே என்றும் சொன்னார். தௌபா செய்தவனுக்குத் துணை வேண்டும் என்பதைத்தானே இது காட்டுகிறது?

இங்கே கொழும்பு மாமி வீட்டுக் கேள்விக்கும் பதில் வருகிறது. தூள் விற்பவன் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறான், கணவன் எந்த நேரமும் வாசலுக்கு வருவான் என்றால் இடம் மாறுவது நல்லதுதான். ஆனால் மாமியிடம் உண்மையைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். மாமிக்கும் சவூதிக் கதையையே சொல்லி அனுப்பினால், அந்தப் பிள்ளை ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறாள் என்றே அர்த்தம். தலைவலி என்றுகூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி நடிப்பவர்களுக்குக் கடைசியில் பழைய புகைதான் ஆறுதல்.

இலங்கையின் நிலையையும் சொல்லிவிட வேண்டும். அபாயகரமான ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984இல் அமைக்கப்பட்டது. கண்டியிலும் அதன் சிகிச்சை நிலையம் உண்டு. 1927 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். மனம் உடைந்த இரவுகளுக்கு 1926 இருக்கிறது. கொழும்பில் சுமித்திரயோ அமைப்பின் 'மெல் மெதுர' போதைக்கு ஆளானவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இலவசமாக உதவுகிறது. ஆனால் நாட்டில் தங்கிச் சிகிச்சை பெறும் இடங்களில் பெரும்பாலானவை ஆண்களை நினைத்தே அமைக்கப்பட்டவை. கைது செய்வதில் மட்டும் பெண் என்று குறைவில்லை. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் ஒரு மாதத்துக்குள் 29,000க்கு மேற்பட்டோர் கைதானதாக ஐ.நா. நிபுணர்கள் 2024 ஜனவரியில் சொன்னார்கள். பிடிப்பதற்கு இத்தனை வேகம். வருகிறவர்களை வாங்குவதற்கு?

அரசாங்கம் கட்டிடம் கட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சீட்டுப் பிடிப்பதற்கு நம் பெண்கள் பத்துப் பேர் மாதந்தவறாமல் கூடவில்லையா? குர்ஆன் வகுப்புக்கு வாராவாரம் கூடுவதில்லையா? அதே போல இரண்டு பேர் போதும், மூன்று பேர் இருந்தால் தாராளம். தூளையோ ஐஸையோ விட்டு ஓராண்டாவது கடந்த ஒருத்தி இருக்க வேண்டும். புதிதாக வந்தவள் ஒருத்தி. போதைக்காரக் கணவனோடு வாழ்ந்து சிறை வாசலைப் பார்த்த ஒருத்தியும் சேரலாம். அந்த முதலாமவளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பீர்கள். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும், கண்டி நிலையத்திலும் கேளுங்கள். அவர்கள் அவளுடைய சம்மதம் கேட்டுத்தான் சொல்வார்கள். அவள் முஸ்லிமாக இல்லாமலும் இருக்கலாம். சிங்களச் சகோதரியாகவோ தோட்டத்துத் தமிழ்ச் சகோதரியாகவோ இருந்தால் என்ன? போதைக்கு மதம் தெரியாது, அதிலிருந்து மீண்டவளின் அனுபவமும் அப்படித்தான்.

இடம் பலாபத்வலயாக இருக்கத் தேவையில்லை என்பது எம் எண்ணம். ஏ9 றோட்டில் பஸ் ஏறினால் மாத்தளை சிறிது நேரம்தான். அங்கே யார் வீட்டுக்கு யார் வந்தார் என்று எண்ணிக்கொண்டிருக்க எவருக்கும் நேரமில்லை. சிறிய ஊரில் பின்கதவால் வந்தாலும் முன்வீட்டுக்குத் தெரிந்துவிடும். வாரத்தில் ஒரு நாள், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், ஒரு கோப்பை பிளேன்டீ. அங்கே பேசியது அந்த வாசலைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு நிபந்தனை உடைந்தால் எல்லாம் உடைந்தது. பயான் வேண்டாம். மௌலவியா வந்தால் அவரும் மற்றவர்களைப் போல உட்கார்ந்து கேட்கட்டும். இது கேட்க இனிமையாக இராது, ஆனாலும் சொல்கிறோம்: "நரகம்" என்ற சொல்லை இந்தப் பிள்ளைகள் நம்மைவிட அதிகம் யோசித்திருக்கிறார்கள். காசு கடன் கொடுப்பதும் வாங்குவதும் அங்கே கூடாது. ஆண்களும் வேண்டாம். ஏனென்றால் இவர்களில் பலரின் கதையில் முதல் புகையை நீட்டிய கை கணவனுடையது, அல்லது காதலித்தவனுடையது. அவன் இனத்தார் முன்னிலையில் அதைச் சொல்ல நாக்கு எழும்பாது.

இன்னொரு 'வைத்தியம்' நம்மிடம் உண்டு. "இன்னொரு கலியாணம் கட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும்!" சகோதரிகளே, நோயுள்ள பிள்ளையை மறைத்து இன்னொருவன் கையில் கொடுப்பது அவனுக்கும் அநியாயம், அவளுக்கும் அநியாயம். கலியாணத்துக்கு முன் அவளுக்கு வேண்டியது கையில் ஒரு வேலை. மாத்தளைப் பக்கத்தில் மிளகு இல்லாத வளவு குறைவு. மிளகு காயவைத்து, புடைத்து, பைக்கற் போடும் வேலையை வீட்டிலிருந்தே இருவர் சேர்ந்து செய்யலாம். சம்பாத்தியம் பெரிதல்ல. காலையில் எழும்பக் காரணம் ஒன்று வேண்டும், அதற்காகச் சொல்கிறோம். ஆரம்பத்தில் முழுக் காசையும் ஒரே நாளில் அவள் கையில் கொடுக்காமல், அவளையும் கேட்டுக்கொண்டு, தாத்தா சேர்த்து வைத்துக் கொடுப்பது நல்லது. கையில் கட்டாகக் காசு இருக்கும் நாள் எவ்வளவு ஆபத்தானது என்பதை அவளே உங்களுக்குச் சொல்வாள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் அவள் வழுக்கி விழலாம். பலர் ஒரே தடவையில் எழுந்தவர்கள் அல்லர், சூசன் பர்ட்டனும்தான். அந்த நாளில் வீட்டார் கதவைச் சாத்தினால், அவளுக்குத் தெரிந்த அடுத்த கதவு விற்பவனுடையது. அப்போது வீட்டுக்காரரைவிட அந்தத் துணைப் பெண்ணே முதலில் வர வேண்டும். அவளுடைய தொலைபேசி இலக்கத்தை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, தட்டினாலும் எழும்பாமல் கிடந்தால் மானம் மரியாதை பார்க்காமல் 1990க்கு அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள். என்ன எடுத்தாள் என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

கடைசியாகப் பிள்ளையின் கேள்வி. 7 வயதில் ஒரு பையனுக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் தெரியும். பாடசாலையில் யாராவது சொல்லியும் இருப்பான். "உம்மாவுக்கு ஒரு சுகமில்லாத பழக்கம் வந்தது, அதனால் பிழையொன்று நடந்தது, பொலிஸ் கூட்டிக்கொண்டு போனது, இப்போது உம்மா சுகமாகிறா" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். அவனுடைய வாப்பாவைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். சவூதியிலிருந்து சாமான் பெட்டியோடு உம்மா வருவார் என்று அவன் காத்திருந்தால், வெறுங்கையோடு வரும் உம்மாவைப் பார்க்கும் அந்த முதல் நிமிடம் இருவருக்குமே தாங்காது. அவள் வருமுன், இந்த வாரத்திலேயே, தாத்தா நீங்களே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.